பிமினிக்குப் போகலாமா?

"பெரியம்மா, இவர் எங்கள் எல்லாரையும் படகிலே ஏற்றி வெளிதேசத்துக்கு அழைத்துக்கொண்டு போகப் போகிறாராம். போகலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்."

அமெரிக்காவில் ஃப்ளாரிடா மாகாணத்தில் குடித்தனம் நடத்தும் என் தங்கை பெண் தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது, நான் அடுப்பங்கரையில் வெந்தயக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். குழம்பு அடிப்பிடித்தது. அதற்கு நான் பொறுப்பல்ல.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை இருபத்தாறு அடி நீளத்தில் ஒரு மோட்டார்ப் படகு வாங்கியிருக்கிறார். புதிதல்ல, இன்னொருவர் வைத்திருந்தது. பின்புறத்தில் இரண்டு யந்திரங்கள். இரண்டு வருஷமாக மயாமியின் உள்வளைகுடாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றிச் சுற்றி வந்து அலுத்துப் போய்விட்டது. கிழக்கே சமுத்திரத்தைத் தாண்டினால் பஹாமாஸ் தேசம். அதில் அமெரிக்கக் கரைக்கு மிகவும் கிட்டேயிருப்பது பிமினி என்ற குட்டித் தீவு. மயாமியிலிருந்து ஏறக்குறைய 45 கடல் மைல். கிலோமீட்டர்க் கணக்கில் 83. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகும் தூரத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். "காலையில் கிளம்பினால் பத்து மணிக்கு அங்கே இருப்போம்" என்கிறாராம் மாப்பிள்ளை. படகில் போகிறவர்கள் யார் யார்? அவர், இவள், எட்டு வயதில் ஒரு பையன், ஊரிலிருந்து போயிருக்கும் மாமியார்.

அன்பார்ந்த வாசகியே, உங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணோ பிள்ளையோ அந்தச் சீமையில் இருக்கக்கூடும். நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு தொலைபேசி வரலாம். "அதெல்லாம் கூடாது, பேசாமல் வீட்டில் இரு" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கேட்கிறவர்களா நம் பிள்ளைகள்? ஆகவே நான் குழம்பை இறக்கி வைத்துவிட்டு இந்த விஷயத்தை விசாரிக்க ஆரம்பித்தேன். ஒரு மாத காலம் படித்தேன், கடலோடிகளைக் கேட்டேன். கேட்டதையும் பிறகு நடந்ததையும் உங்களிடம் சொல்லுகிறேன்.

காஞ்சிபுரத்துக்குப் போகும் சாலை போகும்போது நகருவதில்லை. பிமினிக்குப் போகும் சாலை நகருகிறது. எல்லா வம்பும் அதில்தான் இருக்கிறது.

ஃப்ளாரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவில் சமுத்திரத்துக்குள்ளேயே ஒரு மகாநதி தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. 'கல்ஃப் ஸ்ட்ரீம்' என்று அதற்குப் பெயர். நதி என்றால் நம் காவிரி, கோதாவரி மாதிரியா? உலகத்திலுள்ள அத்தனை நதிகளையும் ஒன்று சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. விநாடிக்குச் சுமார் 3 கோடி கன மீட்டர் வெதுவெதுப்பான நீர் அந்த ஜலசந்தி வழியே வடக்கே போகிறது. சராசரி வேகம் மணிக்கு இரண்டரை கடல் மைல். நடுவில் இன்னும் அதிகம்.

1513-ஆம் வருஷம் போன்ஸ் தெ லெயோன் என்ற ஸ்பானியர் இந்தப் பக்கம் கப்பலில் வந்தார். நல்ல காற்று, பாய்கள் விம்மி நிற்கின்றன. ஆனால் கப்பல் பின்னாலே போகிறது! காற்றைவிட நீரோட்டத்துக்குப் பலம் அதிகமென்று அவர்கள் எழுதி வைத்தார்கள். பிறகு இருநூற்றைம்பது வருஷம் கழித்து, அமெரிக்கக் காலனிகளின் தபால் இலாகாவைக் கவனித்துவந்த பெஞ்சமின் ஃப்ராங்க்ளினுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இங்கிலாந்திலிருந்து வரும் தபால் கப்பல்கள், சாதாரண வியாபாரக் கப்பல்களைவிட ஏன் தாமதமாக வருகின்றன? தம் உறவினரும் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவருமான திமத்தி ஃபோல்ஜரைக் கேட்டார். "இந்த நீரோட்டத்தை எதிர்த்து வருகிறார்கள், அதனால்தான்" என்பதுதான் ஃபோல்ஜர் சொன்ன விளக்கம். இருவரும் சேர்ந்து நீரோட்டத்தைப் படமாக வரைந்து வெளியிட்டார்கள். தபால் தாமதமானால் காரணம் கேட்க வேண்டும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்களும் அறிவார்கள். ஆனால் அவர்கள் யாரும் படம் வரைந்ததில்லை.

சரி, இதில் நம் பெண்ணுக்கு என்ன கவலை?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாப்பிள்ளையின் படகு மணிக்கு 20 கடல் மைல் ஓடும். 45 மைலுக்கு இரண்டேகால் மணி. அந்த நேரத்தில் நீரோட்டம் படகை ஐந்தரை மைலுக்கு மேல் வடக்கே தள்ளிவிடும். 'கிழக்கே பிமினி' என்று மூக்கை நேராகப் பிடித்துக்கொண்டு போனால், பத்து மணிக்கு எதிரே பிமினி இராது. வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

காவிரியில் தண்ணீர் இரு கரையும் புரளும்போது பரிசல்காரர் என்ன செய்கிறார்? எதிர்க்கரைப் படித்துறைக்கு நேராகவா பரிசலை விடுகிறார்? கரையோரமாகவே மேலே தள்ளிக்கொண்டு போய், அங்கேயிருந்து விடுகிறார். நதி அவரைக் கொண்டுவந்து படித்துறையில் சேர்க்கிறது. சமுத்திரத்திலும் அதே வித்தைதான். படகின் முகத்தைத் தெற்கே ஏழு பாகை திருப்பி வைத்துக்கொண்டே போக வேண்டும். படகு ஒரு பக்கம் பார்க்கும், வேறு பக்கம் போகும். புதிதாகப் போகிறவர்களுக்கு இதைப் பார்த்தால் பகீரென்று இருக்குமாம். இப்போது வானத்துச் செயற்கைக்கோள்களின் தயவால் ஜி.பி.எஸ். என்ற கருவி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் திசைகாட்டியும் காகிதப் படமும் படகில் இருக்க வேண்டும் என்பது நான் கேட்ட எல்லாருடைய அபிப்பிராயமும். மின்சாரம் போகாத வீடு எங்கே இருக்கிறது?

நீரோட்டமாவது கணக்குக்குக் கட்டுப்படும். காற்றுதான் கட்டுப்படாது.

தேர்த் திருவிழாவன்று குறுகலான சந்தில் ஒரு கூட்டம் உள்ளே போகிறது. இன்னொரு கூட்டம் எதிரே வருகிறது. என்ன ஆகும்? ஆளின்மேல் ஆள் ஏறும். தெற்கிலிருந்து வரும் நீரோட்டமும் வடக்கிலிருந்து வரும் காற்றும் சந்தித்துக்கொண்டால் அலைகளின் கதி அதுதான். அலைக்கும் அலைக்கும் நடுவே இடைவெளி சுருங்கி, ஒவ்வொன்றும் சுவர் மாதிரி செங்குத்தாக எழும்பும். கரையில் நின்று தொடுவானத்தைப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக யானைக் கூட்டம் போவது போலிருக்குமாம். அந்த ஊர்ப் படகோட்டிகள் அதை 'யானைகள்' என்றே சொல்லுகிறார்கள். வடக்கு, வடகிழக்கு, வடமேற்கு, எதுவானாலும் காற்றின் பெயரில் வடக்கு இருந்தால் அன்றைக்குச் சின்னப் படகு கரையைவிட்டு நகரக்கூடாது. இதில் அநுபவஸ்தர்களிடையே இரண்டு பேச்சே இல்லை.

குளிர்காலத்தில் வடக்கேயிருந்து குளிர்காற்று அலை அலையாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஒன்று ஓய்ந்து காற்று தெற்கே திரும்புவதற்குள் அடுத்தது வந்துவிடும். மே மாதத்துக்குமேல் கடல் சாந்தமாகிறது. ஆனால் கோடையில் மத்தியானத்துக்குமேல் இடி மின்னல். ஜூன் முதல் தேதியிலிருந்து நவம்பர் முடிய சூறாவளிக் காலம். ஆகவே முதல் யாத்திரைக்கு மே, ஜூன் மாதங்களில் விடியற்காலையில் புறப்படுவதே உசிதம்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வானிலை அறிக்கையில் 'அலை மூன்று அடி' என்று போட்டிருந்தால் எல்லா அலையும் மூன்று அடிதான் என்று அர்த்தமில்லை. எல்லா அலைகளிலும் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றின் சராசரியைத்தான் அப்படிப் போடுகிறார்கள். இடையிடையே ஐந்து, ஆறு அடியும் வரும்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் தங்கை பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். அவள் கெட்டிக்காரி. சமையலறைக் கணக்கு எழுதுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. அந்தப் பழக்கந்தான் பெட்ரோல் விஷயத்தில் உதவிற்று. படகு ஒரு கடல் மைலுக்கு முக்கால் காலன் குடிக்கிறது. அப்படியென்றால் போவதற்கு 34 காலன். "திரும்பி வர 34. ஆக 68 காலன் போதுமே" என்றார் மாப்பிள்ளை. போதாது. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு என்பது படகுக்காரர்களின் சாஸ்திரம். 102 காலன் தொட்டியில் இருக்க வேண்டும். பிமினியில் பெட்ரோல் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது, விலைதான் கூட. அது கிடைக்காத நாளும் இருக்கலாம் அல்லவா? விருந்தாளி நான்கு பேர் என்றால் ஆறு பேருக்கு அரிசி களைகிறவர்கள் நாம். நமக்கு இது புதிதல்ல.

மூன்றாவது பங்கு எதற்கு என்று கேட்டால் அதற்கும் கணக்கு உண்டு. நடுக்கடலில் ஒரு யந்திரம் நின்றுபோகிறது. மிச்சமிருக்கும் ஒரு யந்திரத்தால் மணிக்கு ஏழு மைல்தான் போக முடிகிறது. ஒரு மணிக்குச் சற்று மேலாக ஆக வேண்டிய பாதித் தூரத்துக்கு மூன்றரை மணி ஆகும். ஏழு பாகை திருப்பம் இருபத்தொரு பாகையாகிவிடும். பெட்ரோலும் மைலுக்கு எவ்வளவு செலவாகும் என்று சொல்ல முடியாது.

மற்றச் சாமான்களைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லப் போவதில்லை. ஆளுக்கொரு மிதவைச் சட்டை. ஓடும் படகின் திறந்த தளத்தில் 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அதை அணிந்தே இருக்க வேண்டுமென்பது அமெரிக்கச் சட்டம். பெரியவர்களும் அணியட்டுமே, கௌரவம் குறைந்துவிடாது. வி.எச்.எஃப். ரேடியோ அவசியம், ஆபத்துக்கு 16-வது அலைவரிசை. கைபேசியை நம்பிப் பிரயோஜனமில்லை. கரையைவிட்டு கொஞ்ச தூரம் போனதும் அது ஊமையாகிவிடும். தண்ணீரில் விழுந்தாலும் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் 'இபிர்ப்' என்ற கருவி ஒன்று இருக்கிறது. அதன் விலையைக் கேட்டு மாப்பிள்ளை யோசித்தார். என் தங்கை பெண் தன் பிறந்த நாளுக்குப் புடவை வேண்டாம், அதை வாங்கித் தாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

மாமியார் விஷயத்தில்தான் யாரும் யோசிக்காத ஒரு சிக்கல் இருந்தது. சின்னப் படகில் போனாலும் தேசத்தைவிட்டுத் தேசம் போவதுதானே? அந்த அம்மாள் போயிருப்பது சுற்றுலா விசாவில். அமெரிக்காவைவிட்டு வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே வர அந்த விசா செல்லுமா, பஹாமாஸில் இறங்க அநுமதி உண்டா என்று இரண்டு தேசத்தார் சட்டத்தையும் ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டுக்கும் தனித்தனியே விசாரித்தாக வேண்டும். விசாரிக்க இரண்டு வாரம் பிடித்தது. நல்லவேளையாக எல்லாம் சரியாக இருந்தது. இல்லாவிட்டால் சம்பந்தி அம்மாள் பிமினிக் கடற்கரையில் தென்னை மரத்தடியில் குடித்தனம் வைத்திருக்க நேர்ந்திருக்கும்.

கடைசியாக, ஒரு காகிதம். படகின் நிறம், நீளம், போகிறவர்கள் பெயர், புறப்படும் நேரம், சேரும் நேரம், இத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் அமெரிக்கக் கடலோரக் காவல் படையைக் கூப்பிடு என்ற குறிப்பு. இதை எழுதிக் கரையில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்த வீட்டு அம்மாளிடம் ஒன்று கொடுத்தாள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று குறிக்கப்பட்டது. மாப்பிள்ளை லீவு வாங்கிவிட்டார். பிமினியில் அறைக்கு முன்பணம் கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை அறிக்கை வந்தது: வடகிழக்குக் காற்று, 15 நாட் வேகம்.

"பதினைந்துதானே? மெதுவாகப் போகலாம்" என்றார் மாப்பிள்ளை. அவரைக் குறை சொல்லாதீர்கள். லீவும் முன்பணமும் பையனின் ஆசையும் ஒருவரைப் பிடித்துத் தள்ளும்போது 15 என்பது 10 மாதிரி தோன்றும். கடலோடிகள் என்னிடம் ஒருவர் விடாமல் சொன்னது இதுதான்: காற்றைவிட நாள்காட்டிக்குத்தான் பயப்பட வேண்டும்.

என் தங்கை பெண் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். 'வடக்கு இருந்தால் இல்லை' என்று சிவப்பு மசியில் எழுதி, கீழே அவரிடமே கையெழுத்து வாங்கி வைத்திருந்தாள், ஒரு மாதத்துக்கு முன்பே! சனிக்கிழமை வீட்டில் உப்புமாதான். மாப்பிள்ளை யாருடனும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வடக்கே. அன்றைக்கும் உப்புமா. முன்பணம் போனது போனதுதான்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் தென்கிழக்குக் காற்று, எட்டு நாட். கூடவே ஒரு துணைப் படகும் கிடைத்தது. பல தடவை போய் வந்தவர்கள். முதல் தடவை போகிறவர்கள் தனியே போகாமல் இப்படித் துணையோடு போவது ரொம்ப நல்லது. பஹாமாஸ் சுற்றுலா இலாகாவே பல வருஷங்களாகப் படகுகளைக் கூட்டம் சேர்த்து அழைத்துப் போயிருக்கிறது.

காலை ஏழு மணிக்கு முகத்துவாரம் தாண்டிவிட்டதாக எனக்குச் செய்தி வந்தது. சென்னையில் மாலை நாலரை. ஒன்பதரைக்கு, அதாவது எங்கள் ஏழு மணிக்கு, சேர்ந்துவிட்டதாகச் செய்தி வர வேண்டும். பதினொரு மணி, எங்கள் எட்டரைதான் கெடு.

ஏழு மணி ஆயிற்று. ஏழே கால். சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஏழரை. தங்கைக்கு இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம். காகிதத்தை எடுத்துப் படித்தேன். எத்தனை தடவை படித்தாலும் அதில் எட்டரை எட்டரையாகவேதான் இருந்தது. கெடு எதற்காக வைத்திருக்கிறார்கள், அதற்கு முன்னால் பதறாமல் இருப்பதற்கும், அதற்குப் பின்னால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் இருப்பதற்கும்தான் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டால் மனசு கேட்கிறதா?

ஏழு ஐம்பதுக்குக் கைபேசி கிணுகிணுத்தது. 'வந்து சேர்ந்தோம் பெரியம்மா. பிறகு பேசுகிறேன்.'

நடந்தது இது. பாதிக் கடலில், மயாமியின் மாடிக் கட்டிடங்கள் மறைந்து பிமினி இன்னும் தெரியாத இடத்தில், வலது யந்திரம் இருமிற்று; நின்றது. பெட்ரோலில் இருந்த தண்ணீரும் கசடும் வடிகட்டியை அடைத்துவிட்டன. பழைய தொட்டி உள்ள படகில் அலை குலுக்கும்போது அடியில் கிடக்கும் அழுக்கெல்லாம் கலங்கி மேலே வரும், இது சகஜமாம். சாமான் பையில் புது வடிகட்டி இரண்டு இருந்தன. துணைப் படகு வட்டமிட்டுக்கொண்டே காவல் நிற்க, மாப்பிள்ளை இடது யந்திரத்தையும் நிறுத்தி, வடிகட்டியை மாற்றினார். இருபத்தைந்து நிமிஷம். படகு நின்றால் அலையில் உருளும் அல்லவா? பையன் வாந்தி எடுத்தான். மாமியார் அவனைப் படகின் பின்பக்கம் உட்கார வைத்து, தொடுவானத்தையே பார்க்கச் சொல்லி, இஞ்சி மொரப்பாவை வாயில் போட்டார். முன்பக்கத்தில்தான் குலுக்கல் அதிகம் என்று அந்த அம்மாள் ஒரு மணி நேரத்தில் தாமே கண்டுபிடித்துவிட்டார். என் தங்கை பெண் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்தாள். ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பதாக அவர்கள் நினைத்த இருபத்தைந்து நிமிஷத்தில் படகு ஒரு கடல் மைல் வடக்கே போயிருந்தது.

"அன்றைக்கு அந்த வடகாற்றில் இது நின்றிருந்தால்..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தாராம். முடிக்கவில்லையாம்.

தீவு தெரிகிற விதம் அழகு என்கிறாள். முதலில் வானத்து அடியில் ஒரு பென்ஸில் கோடு. பிறகு தென்னை மரங்கள். இரண்டாயிரம் அடிக்கும் மேல் ஆழமான கருநீலத் தண்ணீர், சில நிமிஷ ஓட்டத்துக்குள் இருபது அடியாகி மயில் கழுத்து நிறத்துக்கு மாறிவிடுகிறது. அந்த நிறத்தை வைத்துத்தான் அங்கே ஆழம் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் மணல் திட்டு, பழுப்பாக இருந்தால் பாறை அல்லது பாசி. வெயில் உச்சிக்கு ஏறினால்தான் இந்த நிறங்கள் தெளிவாகத் தெரியும். சூரியன் எதிரே கண்ணைக் குத்தும் வேளையில் உள்ளே நுழையக்கூடாது. தெற்கே சற்று தூரத்தில் ஒரு கப்பலின் கூடு நிற்கிறது. 'சபோனா' என்று பெயர். கான்க்ரீட்டினால் கட்டிய கப்பல்! அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த நாட்களில் சாராயக் கிடங்காக இருந்து, 1926-ஆம் வருஷத்துச் சூறாவளியில் தரை தட்டியது. வழி தெரியாதவர்களுக்கு அதுதான் அடையாளம்.

துறையில் சேர்ந்ததும் மஞ்சள் கொடி ஏற்றினார்கள். 'இன்னும் அநுமதி பெறவில்லை' என்று அதற்குப் பொருள். படகின் தலைவர் மட்டும் காகிதங்களோடு இறங்கிச் சுங்க அதிகாரியைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் தரையில் கால் வைக்கக்கூடாது. முத்திரை விழுந்த பிறகு மஞ்சளை இறக்கிவிட்டு பஹாமாஸ் கொடியை ஏற்றலாம். 1973-ல் பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்ற தேசம் அது. கார்கள் நம்மைப் போல் இடது பக்கமாகப் போவதைப் பார்த்து மாமியாருக்கு ஏக சந்தோஷமாம்.

ஹெமிங்வே 1930-களில் இங்கே வந்து தங்கி மீன் பிடித்தார். மார்ட்டின் லூதர் கிங் 1964-ல் நோபல் பரிசு உரையைத் தயாரிப்பதற்கு இந்தத் தீவின் அமைதியைத் தேடி வந்தார். என் தங்கை பெண் இதையெல்லாம் எழுதவில்லை. அங்கே துவரைக்காயின் பருப்பைப் போட்டு ஒரு சாதம் செய்கிறார்கள், பன்றி இறைச்சி போடாமல் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்கினோம், அசல் நம் ஊர்த் துவரை என்று எழுதியிருக்கிறாள். பிமினி ரொட்டி என்று சற்றே தித்திப்பாக ஒரு ரொட்டி. பையன் ஒரு முழு ரொட்டியைத் தின்றுவிட்டான்.

திங்கட்கிழமை திரும்ப வேண்டும். ஞாயிறு மாலை அறிக்கையைப் பார்த்தது மாப்பிள்ளைதான். அன்றிரவே அவர் தம் காரியாலயத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டாராம், புதன்கிழமைதான் வர முடியும் என்று. என்ன காற்று என்று நான் கேட்கவில்லை.